சோற்றில் மறைந்த பறங்கிக்காய்: உப்பளக் கரையில் ஒரு கொழுக்கட்டையின் வரலாறு

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியுமா என்பது தமிழரிடையே வழங்கும் வினா. முடியாது என்னும் விடையைத் தன்னகத்தே கொண்டு எழும் வினா அது. ஆயின், பறங்கிக்காயைத் துருவி, வெல்லம் கூட்டிப் பூரணமாக்கி, அரிசிமாச் சொப்பினுள் வைத்து மூடி, ஆவியில் அவித்தெடுக்கும் ஒரு பெண் அதனைச் செய்தே காட்டிவிடுகிறாள். மஞ்சள் நிறக் காய் வெண்ணிற மாவுக்குள் மறைந்துவிடுகிறது. அக்காய் கடல் கடந்து வந்தது என்னும் செய்தியும் அதனோடு மறைந்துவிடுகிறது. அச்செய்தியை வெளிக்கொணர்ந்து, ஒரு கொழுக்கட்டைக்குள் எத்தனை காலத்து வரலாறு அடங்கியிருக்கிறது எனக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இலக்கிய வட்டத்தின் பத்தாண்டு நிறைவு மலரில் அடுக்களைப் பண்டத்துக்கு என்ன இடம் என்று அன்பர்கள் வினவக்கூடும். சங்கப் புலவர் அவ்வாறு வினவியவரல்லர். ஆற்றுப்படை நூல்களில் பாணனுக்கு வழி கூறும் புலவர், எந்நிலத்தில் எவர் எதனைச் சமைத்துத் தருவர் என்பதையும் உடன் கூறியே செல்கிறார். நிலத்தை அதன் உணவால் அடையாளம் காட்டியது நம் கவிதை மரபு. அம்மரபையொட்டி, கொழுக்கட்டையின் வரலாற்றை மரக்காணம் உப்பளக் கரையில் நின்று எழுத விழைகிறேன். பறங்கிக்காய்க் கொழுக்கட்டை மரக்காணத்துக்கே உரிய பண்டம் அன்று. தமிழகத்தின் பல பகுதிகளிலும் செய்யப்படுவதே. எனினும் அதன் கூறுகளாகிய அரிசியும் உப்பும் காயும் எவ்வழியே ஓர் அடுப்பில் வந்து கூடின என்பதைக் காட்டுவதற்கு இக்கரையைப் போலப் பொருந்திய இடம் அரிது.

உப்பு நெல்லான கதை

மரக்காணம் இன்று விழுப்புரம் மாவட்டத்தில் உள்ளது. 1993 வரை தென்னார்க்காடு மாவட்டத்தைச் சார்ந்திருந்தது. கிழக்கே வங்கக் கடல். உள்நாட்டுப் பக்கம் கழுவேலி என்னும் பரந்த நீர்நிலை. அது 2021ஆம் ஆண்டு பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பெற்றது. இவற்றுக்கிடையே கண்ணுக்கெட்டிய தொலைவுக்கு உப்புப் பாத்திகள். தமிழகத்தின் உப்பு விளைவில் தூத்துக்குடியை அடுத்து எண்ணப்படும் ஊர்களுள் ஒன்று இது.

ஓய்மாநாட்டு நல்லியக்கோடனைப் பாடிய நல்லூர் நத்தத்தனார், தம் சிறுபாணாற்றுப்படையில் எயிற்பட்டினம் என்னும் கடற்கரையூரைக் குறிப்பிடுகிறார். எயில் என்பது மதில். மதிலுக்குச் 'சோ' என்னும் பெயரும் தமிழில் உண்டு. கி.பி. முதல் நூற்றாண்டைச் சார்ந்த கிரேக்கக் கடற்செலவு நூலாகிய பெரிப்ளூஸ் 'சோபத்மா' என்றொரு துறைமுகத்தைச் சுட்டுகிறது. சோபட்டினமும் எயிற்பட்டினமும் ஒன்றே என்றும், அவ்வூரே இன்றைய மரக்காணம் என்றும் அறிஞர் பலர் கொள்வர். இவ்வூர்ப் பூமீசுவரர் கோயிலின் சோழர் காலக் கல்வெட்டுகள், பிற்காலத்தும் இவ்வூர் சிறந்திருந்தமைக்குச் சான்று.

நெய்தல் நிலத்தில் நெல் இல்லை. எனின், நெய்தல் நிலத்துக் கொழுக்கட்டைக்கு அரிசி எங்கிருந்து வந்தது? இதற்கு விடை சங்கப் பாடல்களிலேயே உள்ளது. அகநானூற்றில் அம்மூவனார் பாடிய பாட்டொன்றில், உமணர் மகள் ஒருத்தி தெருவில் நடந்து, நெல்லுக்கு உப்பு நேர் என்று கூவி விற்கிறாள். அளவுக்கு அளவு மாற்று. குறுந்தொகைப் பாட்டொன்று இதனினும் நுட்பமானது. தந்தை சுறா தாக்கிய புண் ஆறிக் கடலுக்குச் சென்றுவிட்டான். தாய் உப்பை மாற்றி வெண்ணெல் கொண்டுவர உப்பு விளையும் கழனிக்குப் போயிருக்கிறாள். இப்போது வந்தால் தலைவியை எளிதில் காணலாம் என்று தலைவனுக்குத் தூது சொல்ல ஆள் தேடுகிறது அப்பாட்டு. உரை கூறுவோர் களவொழுக்கத்தின் நயத்தைப் பாராட்டி மேற்செல்வர். தாய் வீட்டில் இல்லாததன் காரணத்தை நின்று நோக்குவோர் சிலரே. அவள் உழைக்கச் சென்றிருக்கிறாள். அவள் கொண்டுவரும் நெல்லே அன்றிரவு அவ்வீட்டின் உலைக்கு.

ஆகவே உப்பளக் கரையில் பிசையப்படும் அரிசிமா, ஒருவகையில் உருமாறிய உப்பே. உழாமல் விளைவித்ததைக் கொடுத்து உழுது விளைவித்ததைப் பெற்றனர். மருதமும் நெய்தலும் திணை வகுப்பில் வெவ்வேறாயினும் சமையலில் ஒன்றின்றி மற்றொன்று இல்லை. அந்த இணைப்பைத் தலைச்சுமையாகச் சுமந்தோருள் பெண்கள் இருந்தனர் என்பது இப்பாடல்களால் பெறப்படும் வரலாற்றுச் செய்தி.

விளக்கொளியில் மோதகம்

மாவுக்குள் இனிப்பை வைத்து மூடி அவிக்கும் கலை தமிழகத்தில் மிகப் பழையது. மாங்குடி மருதனார் மதுரைக்காஞ்சியில் மதுரையின் அல்லங்காடியைக் காட்டுமிடத்தில், தேனடை போன்ற மெல்லடையும், பாகும், உள்ளீடு வைத்துப் பிடித்த மோதகமும் விற்ற கூவியரைக் குறிப்பிடுகிறார். இரவின் முதல் யாமம் கடந்த வேளையில் அவர்கள் தம் பண்டங்களோடு இருந்தபடியே உறங்கிவிடுகின்றனர். அவ்விடத்து உள்ளீட்டைக் குறிக்க வரும் 'கவவு' என்னும் சொல் நினைக்கத்தக்கது. அகத்திட்டுத் தழுவிக்கொள்வது என்னும் பொருளுடைய சொல் அது. பூரணம் என்னும் வடசொல் வழக்கூன்றுவதற்கு முன் நம் மொழியில் இப்பொருளுக்கு வழங்கியது. நச்சினார்க்கினியர் பருப்பும் தேங்காயும் ஆகிய உள்ளீடு என்று உரை கூறுவதால், பதினான்காம் நூற்றாண்டிலும் பூரணத்தின் அடிப்படை இன்றுள்ளதே எனலாம்.

சிலப்பதிகாரக் கடலாடு காதை நம்மைக் கடற்கரைக்கே அழைத்துச் செல்கிறது. புகார்க் கடற்கரையில் இரவில் எரிந்த விளக்குகளை இளங்கோவடிகள் வரிசைப்படுத்துகிறார். அவற்றுள் காழியர் மோதகம் விற்ற இடத்து விளக்கு ஒன்று. கூவியர் அப்பம் சுட்ட இடத்து விளக்கு மற்றொன்று. மீன் விற்போர் விளக்கும் அவற்றோடு உண்டு. உப்புக் காற்று வீசும் மணற்பரப்பில், மீன் நாற்றத்துக்கு நடுவே, அகல் வெளிச்சத்தில் மோதகம் விற்கப்பட்டது என்பது நாம் எளிதில் மனக்கண்ணால் காணக்கூடிய காட்சி. கொழுக்கட்டையைப் பிள்ளையார் சதுர்த்தியோடு மட்டும் இணைத்து நினைக்கும் நமக்கு, அது முன்பே அங்காடிப் பண்டமாக, பசித்த வழிப்போக்கர் உணவாக இருந்தது என்பதை இவ்விரு நூல்களும் உணர்த்துகின்றன.

இந்தப் பழைய மோதகத்துள் பறங்கிக்காய் இருந்திருக்க இயலாது. பதினைந்தாம் நூற்றாண்டில் அருணகிரிநாதர் திருப்புகழில் பிள்ளையாருக்குப் படைக்கும் பண்டங்களை நீண்ட நிரலாக அடுக்குகிறார். கரும்பு, அவரை, பருப்பு, நெய், எள், பொரி, அவல், துவரை, இளநீர், தேன், பயறு, பிட்டு, கடலை என விரியும் அந்நிரலில் வெள்ளரிப்பழமும் இடம்பெறுகிறது. வெள்ளரியும் பறங்கியும் ஒரே கொடியினக் குடும்பம். வெள்ளரி இருக்க, பறங்கி இல்லை. இல்லாமை மட்டுமே சான்றாகாது. ஆயினும் தாவரவியலும் சொல்வரலாறும் இதே பக்கம் நிற்கின்றன.

பறங்கி என்னும் சொல்

பறங்கிக்காயின் தாயகம் அமெரிக்கக் கண்டம். அதன் இனத்தைச் சேர்ந்த கொடியொன்றை மெக்சிகோ நாட்டு ஒவாகா மலைப்பகுதி மக்கள் ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முன்பே பயிரிட்டனர் என்பதற்குக் குகையொன்றில் கிடைத்த விதைகள் சான்றாகின்றன. 1492இல் கொலம்பசு அக்கண்டத்தின் தீவுகளை அடைந்தார். 1498இல் வாஸ்கோட காமா கோழிக்கோட்டில் இறங்கினார். 1500இல் கப்ரால் என்னும் போர்ச்சுகீசியர் பிரேசில் கரையைத் தொட்டு, அங்கிருந்தே இந்தியாவுக்கு வந்தார். இரு கண்டங்களும் எட்டாண்டு இடைவெளிக்குள் ஒரே கடல்வழியில் கோக்கப்பட்டன. 1520களில் போர்ச்சுகீசியர் சாந்தோமில் குடியேறினர். பின்னர்க் கொள்ளிடத்துக்கு வடக்கே பறங்கிப்பேட்டை அவர்கள் பெயராலேயே வழங்கலாயிற்று.

பறங்கி என்னும் சொல்லின் பயணமோ காயின் பயணத்தினும் நீண்டது. ஐரோப்பாவில் பிராங்கு என்றோர் இனத்தார் இருந்தனர். சிலுவைப் போர்க் காலத்தில் அரபியர் மேலைநாட்டார் அனைவரையும் அவ்வினப் பெயரால் அழைத்தனர். அரபியிலும் பாரசீகத்திலும் ஃபரங்கி என வழங்கிய அச்சொல் கடல் வணிகர் வாயிலாக இந்தியக் கரைகளை அடைந்து, தமிழில் பறங்கி ஆயிற்று. பறங்கிமலை, பறங்கிப்பேட்டை, பறங்கிப்புண், பறங்கிக்காய் என மலைக்கும் ஊருக்கும் நோய்க்கும் உணவுக்கும் ஒரே அடையைக் கொடுத்தனர் நம் முன்னோர். வந்தவர்களைப் பற்றிய வியப்பு, அச்சம், வெறுப்பு, ஏற்பு ஆகிய நான்கும் இந்நான்கு சொற்களில் பதிந்துள்ளன. நிறைவாக நின்றது ஏற்பே. பறங்கியர் ஆட்சி அகன்றது. பறங்கிக்காய் நம் கூரைமேல் படர்ந்தது.

மரக்காணத்தை அடுத்த கரை முழுவதும் இத்தகைய வருகைகளின் தடங்கள் உள்ளன. வடக்கே கழிமுகத்தை ஒட்டிய ஆலம்பரைக் கோட்டை 1750இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது. 1760இல் ஆங்கிலேயர் அதனைக் கைப்பற்றி இடித்தனர். தெற்கே 1674 முதல் பிரெஞ்சுக்காரர் நிலைகொண்ட புதுச்சேரி. அதற்கும் தெற்கே 1690இல் ஆங்கிலேயர் வாங்கிய தேவனாம்பட்டினத்துக் கோட்டை. கோட்டைகளின் முற்றுகையும் வீழ்ச்சியும் நாட்குறிப்புகளிலும் கும்பினிக் கடிதங்களிலும் நிரம்பிக் கிடக்கின்றன. அதே கப்பல்களில் வந்த விதையை முதலில் எப்பெண் தன் கொல்லையில் ஊன்றினாள் என்பதை எவரும் எழுதி வைக்கவில்லை. அவள் இட்ட பெயர் மட்டும் எஞ்சியுள்ளது.

புதியதை வரவேற்கும் பெயர்கள்

புதிய பண்டத்துக்குப் பெயரிடுவதில் தமிழர் கையாண்ட முறை ஆராய்வதற்குரியது. உறைப்பில் மிளகை ஒத்த காய் மிளகாய் ஆயிற்று. கிழங்குக்கு ஏற்கெனவே இருந்த வள்ளி என்னும் பெயரோடு மரத்தைச் சேர்த்து மரவள்ளி என்றனர். சர்க்கரையைச் சேர்த்துச் சர்க்கரைவள்ளி என்றனர். திண்டிவனம், விழுப்புரம் வட்டார மக்கள் நிலக்கடலையை மணிலாக்கொட்டை என்றும் மல்லாட்டை என்றும் வழங்குகின்றனர். பிலிப்பைன்ஸ் நாட்டு மணிலா நகரின் பெயர் தென்னார்க்காட்டு உழவர் வாயில் மல்லாட்டையாகத் தேய்ந்து இனித்தது மொழியின் விந்தைகளுள் ஒன்று.

பறங்கிக்காய்க்கு வட்டாரந்தோறும் பெயர் வேறு. கொங்கு நாட்டில் அது அரசாணிக்காய். சில பகுதிகளில் மஞ்சள் பூசணி, சில பகுதிகளில் சர்க்கரைப் பூசணி. வகுப்பில் பூசணி எதுவென்று வினவினால், பல மாவட்ட மாணவியர் கூடிய இடத்தில் அரைமணி நேர வாதத்துக்குக் குறைவில்லை. ஒருத்திக்குப் பூசணி மஞ்சள். மற்றொருத்திக்கு அது வெண்சாம்பல் பூத்தது. இவ்வாதத்தின் வேர் வரலாற்றில் உள்ளது. சாம்பல் பூசணி ஆசியக் கண்டத்துக்குரிய பழைய காய். புதிய காய் வந்தபோது உருவொப்புமை பற்றி அதன் பெயரையே இதற்கும் இட்டனர். பின்னர் வேறுபாடு தோன்ற நிற அடையும் சுவை அடையும் சேர்த்தனர். கன்னடத்தில் பூதி கும்பளம், இனிப்புக் கும்பளம் என்னும் பொருளிலும், தெலுங்கில் நீற்றுக் கும்மடி, தித்திப்புக் கும்மடி என்னும் பொருளிலும் பெயர்கள் இணையாக வழங்குவது இம்முறை தென்னகம் முழுமைக்கும் பொது என்பதைக் காட்டும்.

இவ்வேற்பின் உச்சம் மார்கழிக் கோலம். வைகறையில் சாணவுருண்டை பிடித்து, அதன்மேல் செருகும் மஞ்சள் பூ பெரும்பாலும் பறங்கிப்பூவே. சாம்பல் பூசணியின் பூவும் மஞ்சளாதலின், பழைய பூவின் இடத்தில் புதிய பூ ஓசையின்றி வந்து அமர்ந்திருக்க வேண்டும். மார்கழி நோன்பினும் தமிழ்மண்ணுக்கு நெருங்கிய வழக்கம் எது? அதன் நடுவே அமெரிக்கக் கொடியின் பூ. அதே கொடியின் காய் பொங்கல் கூட்டிலும் திருவாதிரைக் குழம்பிலும் இடம்பெறுகிறது. தூய தமிழுணவு என்றொன்றை வேலியிட்டுக் காட்ட முயல்வோர் இவ்விடத்தில் சற்று நின்று சிந்திக்க வேண்டும். வேலியின்மேலேயே படரும் கொடி இது.

கையறிவு

இனி, இப்பண்டம் இல்லத்தில் ஆகும் முறையைக் கூறுதல் வேண்டும். ஏட்டில் எழுதப்பெறாத கல்வி அதிலே உள்ளது.

பச்சரிசியை ஊறவைத்து, நீரை வடித்து, நிழலில் துணிமேல் பரப்பி, ஈரம் முழுதும் போகாத பதத்தில் இடித்துச் சலித்துக் கொள்வர். நீரைக் கொதிக்கவிட்டு, அதில் கல்லுப்பும் சிறிது நல்லெண்ணெயும் சேர்த்து, மாவை இட்டுக் கிளறி இறக்கி, கை பொறுக்கும் சூட்டிலேயே பிசைவர். ஆறவிட்டால் மாவு வெடிக்கும். கொதிநீர் குறைந்தால் சொப்பு விரியும், மிகுந்தால் குழையும். எத்தனை உழக்கு மாவுக்கு எத்தனை உழக்கு நீர் என்று கேட்டால், அரிசியின் பழமையைப் பொறுத்தது என்பதே விடையாகக் கிடைக்கும். புது அரிசி குறைவாகவும் பழைய அரிசி மிகுதியாகவும் நீரை வாங்கும். அதனைக் கை அறியும்.

பறங்கிக்காயின் சிக்கல் அதன் நீர். தேங்காய்ப் பூரணத்துக்கு இல்லாத இடர் இதில் உண்டு. காம்பு காய்ந்து முற்றிய காயைத் தேர்ந்து, தோலும் குடலும் நீக்கித் துருவி, வேறு நீர் சேர்க்காமல் அதன் நீரிலேயே வதக்குவர். காய் முழுதும் வெந்த பின்னரே வெல்லம் சேர்க்க வேண்டும். முன்னதாகச் சேர்த்தால் துருவல் வேகாமல் விறைத்து நிற்கும். வெல்லம் இளகி மீண்டும் நீர் விடும். அந்நீரும் வற்றும்வரை அடுப்பருகே நின்று கிளறுதல் வேண்டும். தேங்காய்த் துருவலும் ஏலப்பொடியும் இறுதியில். உருட்டினால் உருண்டையாக நின்று, கையில் ஒட்டாமல் விழும் பதமே பதம். அப்பதத்துக்கு முன் அவசரப்பட்டால், ஆவியில் வேகும்போது பூரணம் கசிந்து சொப்பைப் பிளந்துவிடும். முழுப் பூசணியைச் சோற்றில் மறைக்க முடியாது என்று சொன்னவர், ஒருவேளை இவ்வாறு பிளந்த கொழுக்கட்டையைக் கண்டவர் போலும்!

பூரணத்திலும் ஒரு சிட்டிகை உப்பு இடுவர். உப்பு இனிப்பை அடக்குவதில்லை, எழுப்புகிறது. பின்னர் விரல்நுனியில் எண்ணெய் தொட்டு, மாவைச் சொப்பாக மெலித்து, பூரணம் வைத்து மூடி, இட்லிப் பானையில் அவிப்பர். சொப்புச் செய்யப் பொழுதில்லாத நாளில், வதக்கிய காயையும் வெல்லத்தையும் வறுத்த மாவோடே சேர்த்துப் பிசைந்து, விரல் பதியப் பிடித்து அவித்துவிடுவர். பிடிகொழுக்கட்டையில் செய்தவளின் ஐந்து விரல் தடமும் இருக்கும்.

பறங்கிக்காய் ஏழைகள் வீட்டுக்கு உற்ற துணை ஆனமைக்குக் காரணம் சுவை மட்டுமன்று. குப்பைமேட்டில் ஊன்றினாலும் படரும். கூரையே அதற்குப் பந்தல். முற்றிய காய் அறுபடாமல் சில திங்கள் இருக்கும்; வைக்கோல் பிரிமணைமேல் வைத்துக் காப்பர். ஆடியில் ஊன்றிய விதை ஐப்பசி, கார்த்திகையில் முற்றிய காயாகும். உப்பளக் கரையில் அதுவே அடுப்பு எரிய அரிதான காலம். தை, மாசியில் தொடங்கும் உப்பு விளைவு வடகிழக்குப் பருவமழையோடு நின்றுவிடும். பாத்திகள் நீரில் மூழ்கும், கூலி நிற்கும். அண்மை ஆண்டுகளில் தமிழக அரசு உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு மழைக்கால நிவாரணமாக 5,000 ரூபாய் வழங்கத் தொடங்கியது இவ்வறுமையை அறிந்தே. அந்நிவாரணம் எண்ணப்படாத காலங்களில், பரணில் இருந்த காயும் பானையில் இருந்த அரிசியுமே நிவாரணம்.

ஒரு சிட்டிகையின் விலை

பூரணத்தில் இடும் அந்த ஒரு சிட்டிகைக்கும் ஒரு காலத்தில் அரசுக்கு வரி செலுத்த வேண்டியிருந்தது. 1805இல் சென்னை மாகாணத்தில் உப்பு விளைவும் விற்பனையும் கும்பினியின் முற்றுரிமை ஆயின. 1923இல் மணங்கு ஒன்றுக்கு ஒன்றேகால் ரூபாயாக இருந்த வரி இரண்டரை ரூபாயாக இரட்டிக்கப்பட்டது. எதிர்ப்பு மிகுந்தமையால் மறு ஆண்டே குறைக்கப்பட்டது. 1930 ஏப்ரல் 30ஆம் நாள் இராஜாஜி தலைமையில் வேதாரணியத்தில் உப்பு அள்ளப்பட்டது. 1947இல் வரி நீங்கியது. செய்திகள் நாம் அறிந்தவையே. ஆனால் இவ்வரலாற்றை எழுதுவோர் கரையில் நின்று உப்பை அள்ளிய தலைவர்களைக் காட்டும் அளவுக்கு, உலைக்கு உப்பின்றி நின்ற பெண்ணைக் காட்டுவதில்லை. கடலையும் உப்பையும் கண்முன் வைத்துக்கொண்டு விலை கொடுத்து வாங்கிய கொடுமையை நாள்தோறும் அளந்தது அவள் கைதான்.

சென்னையிலிருந்து தெற்கே வரும் பக்கிங்காம் கால்வாய் மரக்காணத்தில் முடிகிறது. 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருடப் பஞ்சத்தின்போது, ஆளுநராயிருந்த பக்கிங்காம் கோமகன் காலத்தில், சென்னை நகரப் பகுதியில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் வெட்டுவேலை பஞ்ச நிவாரணப் பணியாக நடந்தது. பசித்தவர்கள் கூலிக்கு மண் சுமந்தனர். அவ்வழியே பின்னாளில் படகுகள் உப்பும் விறகும் ஏற்றிச் சென்றன. கால்வாய்க்குக் கோமகன் பெயர் நிலைத்தது. மண் சுமந்தவர் பெயர் இல்லை.

உப்பளத்தில் இன்றும் வேலை விடியலுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. வெயில் ஏறினால் வெண்பரப்பின் ஒளி கண்ணைப் பறிக்கும். கழிநீர் ஏறத்தாழ 25 டிகிரி அடர்த்தியை எட்டும்போது உப்பு பூக்கத் தொடங்கும். அடர்த்தி முப்பதை நெருங்கினால் கசப்புப் பொருள்களும் உடன் படியும். இப்பதத்தைக் கருவியின்றிக் கண்ணாலும் நாவாலும் அறிவோர் உண்டு. ஆண்கள் வாரிக் குவிக்க, பெண்கள் கூடையில் தலைச்சுமையாகச் சுமந்து அம்பாரம் சேர்ப்பது இக்கரையின் நெடுநாள் காட்சி. நீர் வற்றும் பதத்தைப் பாத்தியிலும் பூரணத்திலும் ஒருத்தியே அறிகிறாள். முன்னதற்குக் கூலி உண்டு. பின்னதற்கு அதுவும் இல்லை.

உப்பில்லாக் கொழுக்கட்டையும் மறந்த பெயரும்

உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பது பழமொழி. இதற்கு நேர்மாறாக, உப்பில்லாத கொழுக்கட்டையே புனிதம் எனக் கொள்ளும் வழிபாடு ஒன்று தமிழகத்தில் உண்டு. நெல்லையிலும் நாஞ்சில் நாட்டிலும் பெரிதும் வழங்கும் ஔவையார் நோன்பு அது. ஆடி, தை, மாசித் திங்கள்களின் செவ்வாய்க்கிழமை இரவில் பெண்கள் ஒரு வீட்டில் கூடி, அரிசிமாவில் உப்பிடாமல் பல வடிவங்களில் கொழுக்கட்டை பிடித்து அவித்து, ஔவையின் கதை கூறி, தாமே உண்டு முடிப்பர். ஆண்கள் அதனை உண்ணுதலும் கூடாது, காணுதலும் கூடாது. ஆண் குழந்தைக்கும் விலக்கு.

தமிழ் இலக்கிய வரலாற்றில் ஔவை எத்தனை பேர் என ஆண்டுக்கணக்காக ஆராய்கிறோம். அடுக்களையில் அவர் ஒருவரே. புலவர் ஒருவரைப் பெண்கள் தம் நோன்பின் தலைவியாக்கி, ஆடவர் கண்படாத ஓரிரவை அவர் பெயரால் தமக்கென அமைத்துக்கொண்டனர் என்பது கவிஞர்கள் பெருமையுறத்தக்க செய்தி. உப்பை விலக்கியதன் கருத்து யாதாயினும், நாள்தோறும் பிறர் நாவுக்கு அளந்து உப்பிடும் கை அன்றொரு நாள் அளக்கவேண்டியதில்லை என்று எனக்குப் படுகிறது.

இதன் மறுபுறத்தை நாம் சிரித்துக்கொண்டே சொல்லும் கதையொன்றில் காணலாம். மாமியார் வீட்டில் கொழுக்கட்டை உண்டு மகிழ்ந்தவன், பெயர் மறவாதிருக்க வழிநெடுகச் சொல்லிக்கொண்டே வருகிறான். வாய்க்காலைத் தாண்டும்போது 'அத்திரிபாச்சா' என்கிறான். அதன்பின் அச்சொல்லே நாவில் நின்றுவிடுகிறது. வீட்டுக்கு வந்து மனைவியிடம் அத்திரிபாச்சா செய்து தரச் சொல்கிறான். அவளுக்கு விளங்கவில்லை. அடிக்கிறான். அவள் கன்னம் கொழுக்கட்டை போல் வீங்கிவிட்டதே என்று கண்டவர் சொல்ல, அதுதான், அதுதான் என்று துள்ளுகிறான்.

குழந்தைகளுக்குச் சொல்லும் இக்கதையில் நாம் சிரிக்கும் இடம் யாது என்று எண்ணிப்பார்த்தல் வேண்டும். சொல்லை மறந்தவன் அவன், அடிபட்டவள் அவள். பண்டத்தைச் செய்யத் தெரிந்தவளும் அவளே. மறந்த சொல் அவள் உடம்பின் வீக்கத்திலிருந்து மீட்கப்படுகிறது. கதையை முதலில் கட்டியவர் ஒரு பெண்ணாக இருந்திருந்தால், அவர் இதனைச் சிரிப்பதற்காக மட்டும் கட்டியிருக்க மாட்டார்.

நிறைவாக

கொழுக்கட்டையின் தோல் சங்க காலத்தது. உள்ளிருக்கும் காய் ஐந்நூறு ஆண்டுகளுக்கு உட்பட்டது. இரண்டையும் சுவைப்படுத்தும் உப்பு இன்று காலையில் வாரியது. இவை மூன்றையும் முரணின்றிப் பொருத்திய அறிவு, புலவர் அவையிலோ அரண்மனையிலோ தோன்றியதன்று. வந்ததை வந்ததென்று பெயரிலேயே பதிந்து வைத்து, அதன்பின் தனதாக்கிக்கொண்ட நேர்மை அதில் உண்டு. பறங்கி என்று சொல்லியே பறங்கிக்காயை ஏற்றோம். தமிழின் தொன்மையைப் பாடும் நாம், தமிழின் இவ்வேற்கும் ஆற்றலையும் பாடுதல் தகும்.

பத்தாண்டு கண்ட நம் வட்டத்தின் கவிஞர்களிடம் ஒரு வேண்டுகோளோடு அமைகிறேன். சொப்பு, பிரிமணை, அம்பாரம், மல்லாட்டை போன்ற சொற்கள் பொறிகளும் கடைப்பொதிகளும் பெருகப் பெருக நம் பிள்ளைகள் செவியிலிருந்து நழுவுகின்றன. அடுத்த கூட்டத்துக்கு வரும்போது, ஒவ்வொருவரும் தத்தம் இல்லத்து மூத்த பெண்மணியிடம் கேட்டு, அடுக்களைச் சொல்லோ உப்பளச் சொல்லோ ஐந்து எழுதிக்கொண்டு வருக. சொல்லுக்கு மேலே சொன்னவர் பெயரை எழுதுக. ஆயா, அத்தை, பெரியம்மா என்னும் உறவுப்பெயர் போதாது. அவர்களுக்குப் பெற்றோர் இட்ட பெயரையே எழுதுக.